உயிரியல் வயதைக் காட்டும் பரிசோதனைகள்: நாள்பட்ட நோய் உள்ளவர் எதை எடுக்கலாம்?

சர்க்கரை, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு என ஏதோ ஒன்றோடு பல வருடமாக வாழ்கிறவர்கள் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். “உடம்புக்குள் அழற்சி இருந்தால் சீக்கிரம் மூப்பு வந்துவிடும் என்கிறார்களே, என் உடம்பின் நிஜ வயது என்ன என்று பார்த்துவிடலாமா? எந்த டெஸ்ட் எடுப்பது?”

அவர்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும், சில நூறு ரூபாயில் முடியும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை ஒன்று. கையிலிருக்கும் ரத்த அறிக்கையை வைத்து இணையத்தில் கணக்கிடும் ‘ஃபீனோஏஜ்’ இன்னொன்று. எச்சிலையோ ரத்தத்தையோ அனுப்பிப் பார்க்கும் டிஎன்ஏ கடிகாரம், டெலோமியர் (குரோமோசோம் நுனி) நீளம் ஆகியவை அடுத்தவை. எந்த லேபும் இல்லாமல் கைப்பிடி வலுவையும் நடை வேகத்தையும் அளப்பது ஐந்தாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்து மருந்து எடுக்கும் பெரும்பாலானோருக்கு, சி.ஆர்.பி.யை இரண்டு முறை பார்ப்பதும் கைப்பிடி, நடை இரண்டையும் அளப்பதும் போதும். மிச்சமாகும் பணத்தைச் சிகிச்சைக்கு வையுங்கள். இது பொருந்தாத ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

## நோய், அழற்சி, மூப்பு: மூன்றும் சேரும் இடம்

காயம் பட்ட இடம் சிவந்து வீங்கிச் சுடுவதும் அழற்சிதான். கிருமியை விரட்டி, திசுவைச் சரிசெய்ததும் அது அடங்கிவிடும். நாள்பட்ட நோயில் அது முழுதாக அடங்குவதில்லை. வெளியே எதுவும் தெரியாமல், குறைந்த அளவில், வருடக்கணக்காக நீடிக்கிறது. வயது ஏறும்போது எல்லோரிடமும் இது கொஞ்சம் கூடுகிறது என்பதைக் கவனித்த இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி, 2000இல் இதற்கு ‘இன்ஃப்ளமேஜிங்’ என்று பெயரிட்டார். மூப்பின் அடையாளங்கள் என்று 2013இல் விஞ்ஞானிகள் ஒன்பதைத் தொகுத்தார்கள். 2023இல் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக விரிந்தபோது, நாள்பட்ட அழற்சி தனி அடையாளமாகவே இடம்பெற்றது.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவிகின்றன. அங்கிருந்து இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் வேலை செய்வது மந்தமாகிறது, சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை ரத்தக் குழாய்ச் சுவரைப் புண்ணாக்கி அழற்சியை மேலும் வளர்க்கிறது. இன்னொரு பக்கம், பிரிவதை நிறுத்திவிட்டும் சாகாமல் தங்கிவிடும் மூத்த செல்கள் அதே வகைப் புரதங்களைக் கசியவிட்டு, பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. நோய் மூப்பை விரைவாக்குகிறது, மூப்பு நோயை வளர்க்கிறது. எது முதலில் என்று ஒரு ரத்த அறிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது.

அழற்சியை அடக்கினால் பலன் உண்டா என்பதற்கு நேரடியான சான்று 2017இல் வெளிவந்த ‘கேன்டோஸ்’ ஆய்வு. மாரடைப்பு வந்து தேறிய, சி.ஆர்.பி. கூடுதலாக இருந்த 10,061 பேர் அதில் இருந்தார்கள். கனகினுமாப் என்ற ஊசி மருந்து கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தது. 150 மி.கி. அளவில் அது மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றைச் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அழற்சி இதயத்தைக் கெடுக்கிறது என்பதை அந்த ஆய்வு நிறுவியது. அழற்சியை அணைத்தால் இளமை திரும்பும் என்று அது எங்கும் சொல்லவில்லை. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், அடுத்த வாரம் மறுபடி எடுத்தால் ஏறக்குறைய அதே எண் வருமா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தெரியும் ‘முன்னேற்றம்’ வெறும் ஆட்டமாக இருக்கலாம். அடுத்து, உங்கள் நோயோ நீங்கள் விழுங்கும் மாத்திரையோ அந்த எண்ணைத் திரிக்குமா என்பது. ஆரோக்கியமானவருக்கு இது சின்ன விஷயம், உங்களுக்குப் பெரியது. மூன்றாவது, அந்த எண் ஆயுளையும் நோயையும் முன்கூட்டிச் சொல்கிறது என்பதற்கான ஆதாரம், குறிப்பாக யாரிடம் ஆராய்ந்து பெற்ற ஆதாரம் என்பது.

இவை மூன்றையும்விட நான் பெரிதாக எண்ணுவது ஒன்று உண்டு. எண் வந்த பிறகு மருந்திலோ உணவிலோ நடையிலோ எதை மாற்றுவீர்கள்? பதில் கூடினாலும் குறைந்தாலும் செய்யப்போவது ஒன்றேயானால், அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை.

## சி.ஆர்.பி.

கல்லீரல் தயாரிக்கும் புரதம் இது. இன்டர்லூகின்-6 ஏறினால் இதுவும் ஏறும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் 1930இல், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நீங்கள் கேட்க வேண்டியது எச்.எஸ்.சி.ஆர்.பி., அதாவது நுண்ணிய அளவையும் பிடிக்கும் வகை. காய்ச்சலுக்கு எடுக்கும் சாதாரண சி.ஆர்.பி. குறைந்த அளவுகளைச் சரியாகப் பிரித்துக் காட்டாது. அமெரிக்க இதயச் சங்கமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2003இல் கொடுத்த அளவுகோல்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல். 10ஐத் தாண்டினால் உடம்பில் எங்கோ தொற்றோ காயமோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது தீர்ந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. ஒரே ஒருமுறை எடுத்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நம்மவர்களிடம் இது சற்று மேலே நிற்கும் வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளி ஆண்களின் சி.ஆர்.பி. அங்குள்ள வெள்ளையர்களைவிட 17 சதவீதம் கூடுதல் என்று 2001இல் ஓர் ஆய்வு கண்டது. தொப்பையும் இன்சுலின் மந்தமுமே அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தன. தொப்பை குறைந்தால் இறங்கக்கூடிய எண் இது என்பது அதன் நல்ல பக்கம்.

குறை என்னவென்றால், ஏறியிருக்கிறது என்று சொல்லுமே தவிர எங்கே என்று சொல்லாது. சொத்தைப் பல், ஈறு வீக்கம், ஆறாத கால் புண், சிறுநீர்த் தொற்று, ஹார்மோன் மாத்திரை என எதுவும் இதை ஏற்றும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் ஸ்டீராய்டும் இறக்கும். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து இன்டர்லூகின்-6இன் வழியையே அடைப்பதால், உள்ளே கடும் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. சாதுவாகவே இருக்கலாம். லூபஸ் (நோயெதிர்ப்பே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்) நோயாளிகளிடம் நோய் தீவிரமாக இருந்தும் சி.ஆர்.பி. ஏறாமல், சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். மட்டும் ஏறுவது வழக்கம். அவர்களுக்கு இ.எஸ்.ஆரே கூடுதல் துணை.

மறைமுகச் செலவு, காரணம் தேடி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பது. அதற்கு முன் பல் மருத்துவரைப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்குகிறது என்று 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு சொல்கிறது. சில மாத்திரைகள் தரும் பலனை நெருங்கும் அளவு இது.

## ஃபீனோஏஜ் கணக்கு

மார்கன் லெவினும் உடனிருந்தோரும் 2018இல் வெளியிட்ட சூத்திரம். அல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை, சி.ஆர்.பி., லிம்போசைட் சதவீதம், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்.டி.டபிள்யூ., ஆல்கலைன் பாஸ்படேஸ், வெள்ளை அணுக்கள் என ஒன்பது எண்களையும் உங்கள் வயதையும் கொடுத்தால் ஓர் ‘உடல் வயது’ வரும். மாஸ்டர் செக்கப் அறிக்கையில் பெரும்பாலும் எட்டு இருக்கும், சி.ஆர்.பி. மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். கணக்கிடும் பக்கங்கள் இணையத்தில் இலவசம். அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த சுகாதாரக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் பிறகு எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை வைத்து உருவானதால், இறப்பு ஆபத்தைக் கணிப்பதில் இதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

விலையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் நாள்பட்ட நோயாளிக்கு இந்தச் சூத்திரம் எப்படித் தடுமாறும் என்பதை அதன் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 110க்குப் பதில் 180 என்று ஒரு காலை வந்தால், மற்ற எல்லாம் அப்படியே இருந்தாலும் உடல் வயது எட்டு வருடத்துக்கு மேல் கூடிவிடும். முந்தின நாள் இரவு மாத்திரையை மறந்ததற்கு எட்டு வருட மூப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆர்.டி.டபிள்யூ. இன்னும் முரட்டு எண். சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதே அது. ஒரு சதவீதம் கூடினால் சூத்திரத்தில் மூன்றரை வருடத்துக்கு மேல் ஏறும். இரும்புச்சத்துக் குறைவில் 13 இருக்க வேண்டியது 17 ஆவது சாதாரணம். அப்போது அந்த ஒரு காரணத்தாலேயே பதினான்கு வருடத்துக்கு மேல் கூடும். எம்.சி.வி. இறங்குவது அதில் கொஞ்சத்தை மட்டும் ஈடுகட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் பலரை இந்தக் கணக்கு ஒரே நாளில் பாட்டியாக்கிவிடும், இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் சில மாதங்களில் அந்த ‘மூப்பை’ நீக்கிவிடும்.

எதிர்த்திசைத் தடுமாற்றம் இதைவிட ஆபத்தானது. தசை கரைந்தால் கிரியாட்டினின் இறங்கும். 0.2 புள்ளி இறங்கினால் சூத்திரம் உங்களைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இளமையாக்கிக் காட்டும். படுக்கையில் கிடந்து மெலிந்த ஒருவருக்கு அது பொய்யான நல்ல சேதி. டோசிலிசுமாப் போடுகிறவருக்கும் சி.ஆர்.பி. வழியாக இதே கதி. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் எம்.சி.வி.யை ஏற்றுவதால், அதை எடுப்பவருக்கு மூப்பு கூடியதுபோலத் தெரியும்.

அலகுகளையும் பாருங்கள். நம் லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு இத்தனை என்று கொடுக்கும், சில கணக்கிடும் பக்கங்கள் டெசிலிட்டருக்குக் கேட்கும். மாற்றாமல் போட்டால் பத்து மடங்கு பிழை, இரண்டரை வருடம் வரை வித்தியாசம்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தக் கணக்கை ஒரு விதத்தில் நான் விரும்புகிறேன். மொத்த வயதை ஒதுக்கிவிட்டு, எந்த எண் அதைத் தூக்கியது என்று பிரித்துப் பாருங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுத்தவருக்கு எம்.சி.வி.யும் ஆர்.டி.டபிள்யூ.வும் சேர்ந்து ஏறியிருந்தால், வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்க்க அது நல்ல காரணம். அப்படிப் படித்தால் இலவசக் கணக்கு ஒரு நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

## டிஎன்ஏ கடிகாரங்கள்

டிஎன்ஏவின் மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் வயதுக்கேற்ப மாறுகின்றன. ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் 353 இடங்களின் குறிகளை வைத்து வயதைக் கணித்தார். பிறகு வந்த கிரிம்ஏஜ் (2019) இறப்பு ஆபத்தைக் குறிவைத்தது. டுனீடின்பேஸ் (2022), ‘எவ்வளவு வயது’ என்பதை விட்டு ‘எவ்வளவு வேகமாக வயதாகிறது’ என்று அளக்கிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து வரும் ஆய்விலிருந்து அது உருவானது.

அறிவியலாக இவை அருமையானவை. முடக்குவாதம், எச்.ஐ.வி., உடல் பருமன் எல்லாம் இந்தக் கடிகாரங்களில் பதிவாகின்றன. ஆனால் ஒரு தனிமனிதர் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு உறுதி இல்லை. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினால், சில கடிகாரங்களில் ஒன்பது வருடம் வரை வேறுபாடு வரலாம் என்று 2022இல் காட்டினார்கள். புதிய வடிவங்கள் இதைக் குறைத்திருக்கின்றன. நீங்கள் வாங்குவது எந்த வடிவம் என்று விற்பவரிடம் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களின் உயிரியல் வயது சட்டென்று ஏறி, சில நாட்களில் திரும்ப இறங்கியதாக 2023 ஆய்வொன்று கண்டது. நோய் ஏறி இறங்கும் ஒருவருக்கு எந்த நாளில் எடுத்தது சரியான நாள்?

கடிகாரங்கள் தங்களுக்குள்ளும் ஒத்துப்போவதில்லை. இரண்டு வருடம் உணவைக் குறைத்து உண்டவர்களிடம் டுனீடின்பேஸ் வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்தது. அதே ஆட்களிடம் மற்ற இரண்டு கடிகாரங்கள் தெளிவான மாற்றம் எதையும் காட்டவில்லை.

நான் இதை வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் வேறு. டுனீடின்பேஸ் பாடம் கற்ற 19 அளவுகளில் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரக வடிகட்டும் திறன், கொழுப்பு, சி.ஆர்.பி., ஈறு தேய்மானம், பற்சொத்தை எல்லாம் இருக்கின்றன. இவற்றை நேரடியாகவே அளக்கலாம், நேரடியாகவே மருத்துவம் பார்க்கலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் சில நூறு டாலர் கேட்கும் ஒரு பரிசோதனை, உங்கள் பல் மருத்துவரும் பக்கத்துத் தெரு லேபும் சொல்லக்கூடியதையே சுற்றிவளைத்துச் சொல்கிறது. அதோடு உங்கள் டிஎன்ஏ விவரம் எங்கோ ஒரு நிறுவனத்திடம் தங்கிவிடுகிறது.

## டெலோமியர் நீளம்

குரோமோசோம் நுனிகளைப் பற்றிய ஆய்வுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழை வைத்து விற்கப்படும் பரிசோதனை இது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே நீளம் மிகவும் வேறுபடும், மலிவான முறையில் அளவும் துல்லியமாக வராது. குடும்பத்தில் இளவயது நுரையீரல் தழும்பு நோயோ எலும்பு மஜ்ஜைச் செயலிழப்போ இருந்தால், மரபியல் மருத்துவர் இதைக் கேட்பார். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

## கைப்பிடி, நாற்காலி, நடை

ஆதாரத்தில் எதற்கும் குறையாதது இது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,39,691 பேரைத் தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு (2015) கைப்பிடி வலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. இறப்பைக் கணிப்பதில் மேல் ரத்த அழுத்தத்தைவிட அது கூர்மையாக இருந்தது.

தசைக் குறைவுக்கான ஆசியக் குழு 2019இல் கொடுத்த எல்லைகள் நமக்கு நெருக்கமானவை. கைப்பிடி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு. வழக்கமான நடையில் 6 மீட்டரைக் கடக்க 6 நொடிக்கு மேல் ஆனால் மந்தம். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடிக் கருவி இயன்முறை மருத்துவரிடம் இருக்கும். மற்ற இரண்டுக்கும் வீட்டுக் கூடமும் கைபேசிக் கடிகாரமும் போதும். தலைசுற்றலோ தாழ்சர்க்கரையோ வருகிறவர்கள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் இங்கும் குறுக்கே வரும். விரல் மூட்டு வீங்கியவரின் கைப்பிடி, தசையைப் பற்றிச் சொல்வதைவிட மூட்டைப் பற்றியே சொல்லும். அவர் நாற்காலியை நம்பலாம். முழங்கால் தேய்ந்தவர் கைப்பிடியை நம்பலாம். பாதம் மரத்த சர்க்கரை நோயாளி நடை வேகத்தைத் தனியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மறைமுகச் செலவு என்று எதுவும் இல்லை. எண் குறைந்தால் செய்ய வேண்டியதும் தெளிவு: வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, போதிய புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

| வழி | செலவு | மறுபடி எடுத்தால் | நோயும் மருந்தும் திரிக்குமா | எண்ணை வைத்துச் செய்யக்கூடியது |
|---|---|---|---|---|
| எச்.எஸ்.சி.ஆர்.பி. | சில நூறு ரூபாய் | ஆடும். இரண்டு முறை எடுக்க வேண்டும் | ஆம். டோசிலிசுமாப், ஸ்டீராய்டு, லூபஸ் | பல், புண், தொப்பை, ஸ்டாடின் பற்றிய முடிவு |
| ஃபீனோஏஜ் | அறிக்கை இருந்தால் இலவசம் | சர்க்கரையோடு ஆடும் | மிக அதிகம் | ரத்தசோகை, பி12 தேடல் |
| டிஎன்ஏ கடிகாரம் | சில நூறு டாலர் | வடிவத்தைப் பொறுத்தது | ஆம். தற்காலிக ஏற்றமும் உண்டு | புதிதாக எதுவும் இல்லை |
| டெலோமியர் | அதிகம் | நம்பகம் குறைவு | ஆம் | அரிய மரபு நோய்களில் மட்டும் |
| கைப்பிடி, நடை | ஏறக்குறைய இல்லை | நன்றாக ஒத்துவரும் | மூட்டு, நரம்பு நோயில் | பயிற்சி, புரதம் |

## யாருக்கு எது

சர்க்கரை நோய் இருந்து, இதயத்துக்கு ஸ்டாடின் தொடங்கலாமா என்று நீங்களும் மருத்துவரும் இழுபறியில் இருந்தால், எச்.எஸ்.சி.ஆர்.பி.க்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. ‘ஜூபிட்டர்’ ஆய்வில் (2008) கெட்ட கொழுப்பு அதிகமில்லாத, ஆனால் சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேர் இருந்தார்கள். ரோசுவாஸ்டாடின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு உள்ளிட்ட நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. சர்க்கரை நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களில் 40 வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, சி.ஆர்.பி. எதுவானாலும் ஸ்டாடின் பரிந்துரைக்கப்படுவதே அதற்குக் காரணம்போல. ஆகவே இந்த எண் மாத்திரைக்குத் தயங்கும் மனதைத் தெளிவிக்க உதவும், மாத்திரையைத் தவிர்க்கச் சாக்காக வேண்டாம்.

அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், லேபுக்கு முன் நாற்காலியைப் போடுங்கள். அவர்கள் தனியே நடமாடுவதைக் காப்பாற்றும் தகவல் அதில்தான் கிடைக்கும்.

முடக்குவாதம் உள்ளவர்கள் தனியாக எந்த வயதுப் பரிசோதனைக்கும் போக வேண்டாம். மூட்டு எண்ணிக்கையும் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சேர்த்து மருத்துவர் போடும் நோய்த் தீவிரக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அது அடங்கிய நிலையில் நீடிப்பதே மூட்டுக்கும் இதயத்துக்கும் நல்லது.

டிஎன்ஏ கடிகாரம் சரியான தெரிவாகும் இடமும் உண்டு. ஒரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு நடத்தும் ஆய்வில் உங்களை அழைத்தால், இலவசமாகக் கிடைத்தால், தயங்காமல் சேருங்கள். இந்தக் கடிகாரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தில் பழகியவை. நம் ரத்தமும் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அவை சரியாக ஓடும்.

ஏற்கெனவே பணம் கட்டி எடுத்து, நிஜ வயதைவிடப் பத்து வருடம் கூடுதல் என்று வந்து தூக்கம் கெட்டவர்களுக்கு: அந்த மாதம் சளி, காய்ச்சல், ஊசி, அறுவை சிகிச்சை ஏதாவது இருந்ததா என்று எழுதிவையுங்கள். அறிக்கையோடு சேர்த்து விற்கும் மாத்திரைத் தொகுப்பை வாங்க வேண்டாம், எடுத்துவரும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். மறுபடி எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதே நிறுவனம், அதே வகை மாதிரி, ஒரு வருட இடைவெளி, உடம்பு அமைதியாக இருக்கும் காலம் என்று பார்த்து எடுங்கள். அதற்குள் ஒருமுறை ஈறு, பாதம், சிறுநீர் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.